ஞாயிற்றுக்கிழமைக் கடல்

"பிள்ளை, முகாம் வைக்கிறது நல்ல விசயம். அதை ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லேல்ல" என்று அமிர்தநாயகம் ஐயா தொடங்கினார்.

"அப்ப என்னத்துக்கு ஐயா கூப்பிட்டனீங்கள்?" என்று நிறஞ்சலா ரீச்சர் கேட்டார்.

பங்குமனை விறாந்தையில் நான்கு கதிரைகள். ஒன்றில் எங்கள் பங்குச் சபையின் தலைவர் அமிர்தநாயகம் ஐயா. பக்கத்தில், புதிதாக மாற்றலாகி வந்திருந்த இளம் பாதர். எதிரே ரீச்சர். ரீச்சர் பிள்ளைகளுக்கு நடத்திய விஞ்ஞான முகாமில் உதவியாக இருந்தவள் என்பதால் நான்காவது கதிரை எனக்கு. நான் அன்று வாய் திறக்கவில்லை. அதனாலோ என்னவோ, நடந்த கதை முழுவதும் வரிசை மாறாமல் நினைவில் இருக்கிறது.

"ஞாயிறு காலமை, பூசை நேரத்தில, பிள்ளையளைக் கடலுக்குள்ள இறக்கப் போறியளாம்" என்றார் ஐயா.

"ஓம்."

ரீச்சர் மறுப்பார் என்று எதிர்பார்த்து வந்தவர் ஒரு கணம் தடுமாறினார். "ஓமோ?"

"ஓம் ஐயா. அண்டைக்கு அமாவாசை. தண்ணி நல்லா வத்தும். சாதாளைப் புல்லு முழுக்க வெளியில தெரியும்."

"சனிக்கிழமை வத்தாதோ?"

"வத்தும். ஆனா சனிக்கிழமை படகெல்லாம் ஓடும். சேறு கிளம்பித் தண்ணி கலங்கிக் கிடக்கும். பிள்ளையள் என்னத்தைப் பாக்கிறது, உங்கட மகன்ர எஞ்சினையோ?"

பாதர் தேநீர்க் கோப்பையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

"உந்தப் பகிடியை விடும்" என்றார் ஐயா. "ஞாயிற்றுக்கிழமை எங்கட ஆக்கள் கடலில கால் வைக்கிறேல்ல. அது உமக்கும் தெரியும், உம்மட மனிசனுக்கும் தெரியும்."

"தொழிலுக்குத்தானே ஐயா போறேல்ல? நான் ஒண்டும் பிடிக்கப் போகேல்ல. பாக்கப் போறன்."

"அப்ப பூசை?"

"பூசையும் காண்பம்."

"எப்பிடி? கடலுக்குள்ள நிண்டோ?"

"ஓம். கொரோனா நேரம் கோயிலைப் பூட்டிப்போட்டுப் பாதர் தனியப் பூசை வைக்க, வீடு வீடாப் போய் என்ன சொன்னனீங்கள்? முத்தத்தில நிண்டு ஸ்பீக்கரில கேட்டாலும் பூசைதான் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்? உங்கட ஸ்பீக்கர் கடலுக்கும் நல்லாக் கேக்கும்."

"அது வருத்த காலம்!"

"அந்தக் காலத்தில செல்லும் எண்டால் இந்தக் காலத்திலயும் செல்லும் ஐயா. கடவுள் அதுக்குப் பிறகு காதைப் பொத்தினவரே?"

ஐயா பாதரைப் பார்த்தார். "பாதர், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோ." பாதர் கோப்பையைக் கீழே வைத்து, "சபை முடிவெடுத்தால் நல்லது" என்றார்.

"அப்ப சபையின்ர முடிவைச் சொல்லுறன்" என்று ஐயா எழுந்து நின்றார். "ஞாயிறு கடலில இறக்கினால், இனி முகாமுக்குக் கோயில் மடம் இல்லை. மறைக்கல்வி வகுப்பும் உமக்கு இல்லை. விளங்குதோ?"

"விளங்குது" என்று ரீச்சரும் எழுந்தார். "மடத்துச் சாவியை ஞாயிறு பின்னேரம் கொண்டுவந்து தாறன்."

நிறஞ்சலா ரீச்சருக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. எங்கள் கரையிலேயே பிறந்தவர். சிறுவயதின் பெரும்பகுதி கடலுக்கு அந்தப் பக்கம், மண்டபம் அகதி முகாமில் போயிற்று. திரும்பி வந்து படித்து, விஞ்ஞான ஆசிரியையாகி, நானாட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தார். சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பார். மிச்சக்காசு தராத கொண்டக்ரரோடு மன்னார் பாலம் வரைக்கும் சண்டை பிடிப்பார். பாலத்தில் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்ப்பார். பாலம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

அவருடைய கணவர் கொலின்ஸ் அண்ணை கடல் தொழில் செய்கிறவர். அதிகம் பேசாதவர். "வீட்டில ஒராள் கதைச்சாக் காணும்" என்பார்.

முகாம் தொடங்கிய கதை ஒரு படத்தில் இருக்கிறது. ரீச்சர் ஞாயிறுதோறும் பூசைக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பும் எடுத்துவந்தார். ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டு வரையான பிள்ளைகள். ஒருநாள், கடவுள் படைத்ததை வரையச் சொன்னார். எல்லாருடைய தாளிலும் ஒரே படம். இரண்டு மலை, நடுவே சூரியன், மலையிலிருந்து இறங்கிவரும் ஆறு, கரையில் ஒரு தென்னை.

"மலையைக் கண்ட ஆக்கள் கையை உயர்த்துங்கோ" என்றார் ரீச்சர். ஒரு கையும் எழவில்லை. மன்னாரில் மலைக்கு எங்கே போவது? ஊரில் உயரமான இடம் கோயில் கோபுரம்தான்.

"ஆறு?" அதுவும் இல்லை.

"கடலை ஏன் ஒருத்தரும் கீறேல்ல?" வகுப்பறை யன்னலுக்கு வெளியே கடல் கிடந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நிறோஜன் என்ற பையன்தான் பதில் சொன்னான். "ரீச்சர், அது அப்பா தொழில் செய்யிற இடம்."

மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவன் சரியாகச் சொன்னதாகவே எல்லாரும் நினைத்தார்கள். ரீச்சருக்கு அந்தப் பதில் பொறுக்கவில்லை. பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், எங்கள் வீட்டுக் குசினியில், எங்கு கண்டாலும் அதையே சொன்னார். "கடவுள் மலையைப் படைச்சாராம், கடல் மட்டும் அப்பாவின்ர வேலைக் கந்தோராம்! இதுகளுக்கு நான் என்னத்தைப் படிப்பிச்சுக் கிழிச்சனான்?"

அடுத்த ஆண்டு ஏப்ரல் விடுமுறையில், கோயிலுக்குச் சொந்தமான யாத்திரிகர் மடத்தில் முதலாவது கிறிஸ்தவ விஞ்ஞான முகாம் நடந்தது. 'முகாம்' என்ற பேரைக் கேட்டதும் சில தாய்மார் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு அந்தச் சொல், வரிசையில் நின்று அரிசி வாங்கிய காலத்தின் சொல். "அதுக்குத்தான் வைக்கிறன்" என்றார் ரீச்சர். "என்ர பிள்ளையள் முகாம் எண்டால் வேற ஒண்டை நினைக்கட்டும்."

வெளிநாட்டுத் திருச்சபை ஒன்று தன்னுடைய விஞ்ஞான முகாம் கைந்நூலை அனுப்பி வைத்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவள் என்பதால் அதை மொழிபெயர்க்கும் வேலை என்னிடம் வந்தது. முதல் பாடம், இலையுதிர்காலச் சிவப்பு இலைகளைச் சேகரித்தல். இரண்டாம் பாடம், உறைபனியில் விலங்குகளின் காலடித் தடங்களைத் தேடுதல். எழுதிக் காட்டினேன்.

"எங்களிட்டப் பனி இல்லை. கழுதைதான் இருக்கு" என்றார் ரீச்சர். "அதின்ர காலடியைத் தேடத் தேவையில்லை, விடிய எழும்பினா வாசலில நிக்கும். மூடி வை பிள்ளை."

கைந்நூல் மடத்து அலுமாரிக்குள் போயிற்று. ரீச்சர் பி.வி.சி. குழாய் வாங்கிச் சதுரச் சட்டங்கள் செய்வித்தார். சட்டத்தைச் சாதாளைப் படுக்கையில் வைத்து, அதற்குள் எத்தனை விதமான உயிர்கள் இருக்கின்றன என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். காலையில் செபம், பிறகு கடல், மதியம் கண்டதை வரைதல், பின்னேரம் அதற்காக நன்றி சொல்லிப் பாட்டு. இவ்வளவுதான் முகாம்.

ஆனால் வார நாள்களில் கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் கடல் தெளிந்து கிடக்கும். படகுகளெல்லாம் கரையேறி, எஞ்சின்கள் சாக்கால் மூடப்பட்டு, ஒரு வலைகூடத் தண்ணீரில் இல்லாத ஒரே நாள் அது. "கடல் ஒருத்தருக்கும் கந்தோராயில்லாத நாள்" என்று ரீச்சர் சொல்வார். "அண்டைக்குப் பாக்காமல் எண்டைக்குப் பாக்கிறது?" மூன்றாம் ஆண்டு முகாமை ஞாயிறு முடியுமாறு வைத்ததும், அமிர்தநாயகம் ஐயா கூப்பிட்டு அனுப்பியதும் இப்படித்தான்.

அந்த ஞாயிறு பிள்ளைகள் கோயிலுக்குப் போகும் உடுப்போடு வந்தார்கள். ரீச்சர் அப்படித்தான் வரச் சொல்லியிருந்தார். "பூசைக்குத்தானே போறம். பழைய சட்டையோட வந்தா நான் சேர்க்கமாட்டன்." வெள்ளைச் சட்டைகளைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சட்டங்களைத் தலையில் மாட்டிக்கொண்டு, எல்லாரும் கரையிலிருந்து நடந்து போனோம். கணுக்கால் தண்ணீர். நெடுந்தூரத்துக்கு அவ்வளவுதான் ஆழம். சாதாளை பச்சையாகச் சாய்ந்து கிடந்தது. கோயில் மணி அடித்தது. கோபுரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் பாதரின் குரல் எங்களைத் தாண்டிப் போயிற்று.

அது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு. தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று நின்ற தோமையாரைப் பற்றிய நற்செய்தி வாசகம். அதைக் கேட்டுக்கொண்டே பிள்ளைகள் சேற்றைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் என்னைப் பார்த்து ஒருமுறை புருவத்தை உயர்த்தினார்.

அஞ்சலா என்ற சின்னப் பெண் தன் சட்டத்துக்குள் ஒரு கடலட்டையைக் கண்டாள். அவளுடைய தகப்பன் அட்டை பிடித்து விற்பவர். அவித்துக் காயப்போட்ட அட்டையை வீட்டு முற்றத்தில் எத்தனையோ முறை மிதித்திருப்பாள். "ரீச்சர், இது சாப்பிடுது!" என்று கத்தினாள்.

"மெல்லக் கதையும், பாதர் பிரசங்கம் வைக்கிறார். ஓம், சேத்தைத் தின்னுது."

"பிறகு?"

"பிறகு சுத்தமான மண்ணாத் திருப்பி விடுது."

"கடலைக் கூட்டுதோ?"

"ஓம். சம்பளம் இல்லாமல் கூட்டுது."

அப்போதுதான் ஸ்பீக்கர் நின்றது. பிரசங்கம் பாதியில் அறுந்தது. மின்சாரம் போகவில்லை. மடத்து மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள். கோயிலுக்குள் அமிர்தநாயகம் ஐயா எழுந்துபோய் வெளி ஸ்பீக்கரின் சுவிச்சை அமத்தியிருந்தார். கடலில் பூசை கேட்காவிட்டால், கடலில் பூசை இல்லைத்தானே?

அதற்குள் கரையில் ஆள்கள் கூடத் தொடங்கிவிட்டார்கள். கோயிலின் கடைசி வரிசை வாங்கில் இருந்த தாய்மாரும் தகப்பன்மாரும் பூசையின் நடுவே எழுந்து வந்திருந்தார்கள். சிலர் கையில் குடை, ஒருவர் கையில் பூவரசங் கம்பு. "வாடி வெளியில! வெள்ளைச் சட்டையைப் பார்!" என்று ஒரு தாய் கத்துவது கேட்டது. பிள்ளைகள் ரீச்சரைப் பார்த்தார்கள். போகச் சொன்னால் போயிருப்பார்கள்.

ரீச்சர் கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். "பிரசங்கம் முடிஞ்சால் என்ன சொல்லுறது?" என்று கேட்டார்.

"விசுவாசப் பிரமாணம்" என்றான் நிறோஜன்.

"ஸ்பீக்கர் இல்லாட்டிச் சொல்லத் தெரியாதோ?"

பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். முதலில் கலைந்து, பிறகு ஒரே குரலாக. விண்ணையும் மண்ணையும் படைத்தவர் என்ற இடம் வந்ததும் அஞ்சலா குனிந்து தன் அட்டையைப் பார்த்துக்கொண்டாள்.

ஊருக்குள் இதற்கிடையில் வேறொன்று நடந்துவிட்டது. படுக்கையில் கிடப்பவர்களும் முழங்கால் ஏலாதவர்களும் அந்த ஸ்பீக்கரை நம்பித்தான் இருக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் ஐயாவே வீடு வீடாகப் பழக்கிய பழக்கம். சத்தம் நின்றதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் ஓடியது. "பூசை ஏன் நிண்டது? பாதருக்கு ஏதும் நடந்துட்டுதோ?" கோயில் பக்கவாசலில் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ஐயா மீண்டும் போய்ச் சுவிச்சைப் போட்டார்.

ஸ்பீக்கர் உயிர்பெற்றபோது பாதர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின் மணி அடித்துக்கொண்டிருந்தது. ரீச்சர் இருந்த இடத்திலேயே முழந்தாளிட்டார். சேலை தண்ணீரில் விரிந்தது. பிள்ளைகளும் சேற்றில் முழந்தாளிட்டார்கள். நானும்தான்.

கரையைத் திரும்பிப் பார்த்தேன். கத்திக்கொண்டிருந்த தாய், குடைகள், பூவரசங் கம்பு, எல்லாரும் மணலில் முழந்தாளில் இருந்தார்கள். மணி கேட்டால் எங்கள் ஊரில் நிற்க முடியாது. கோபமாக இருந்தாலும் முடியாது.

எழுந்தபோது ஒருவருக்கும் பழைய வேகம் இல்லை. கம்பு வைத்திருந்தவர், படகோரத்தில் இருந்த கொலின்ஸ் அண்ணையிடம் போய், "உம்மட மனிசியை அடக்க மாட்டீரோ?" என்று கேட்டார். கொலின்ஸ் அண்ணை ஞாயிறு கடலில் கால் வைக்காதவர். அன்றும் வைக்கவில்லை. "நான் ஒரு மாசமாச் சண்டை பிடிச்சுப் பாத்தனான். உமக்கு ஏலுமெண்டால் போய் ஒருக்காப் பிடிச்சுப் பாரும், தண்ணி முழங்காலுக்குக் கீழதான்" என்றார். கம்புக்காரர் போகவில்லை.

பின்னேரம் ரீச்சர் சொன்னபடியே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிள்ளைகள் வரைந்த படங்களையும் பங்குமனைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தார். ஒன்றிலும் மலை இல்லை. மறைக்கல்வி வகுப்பு வேறொருவருக்குப் போயிற்று. பாதர் ஒருநாள் ரோட்டில் கண்டு, "பீடத்திலயிருந்து வாசலுக்குள்ளால உங்களைக் கண்டனான் ரீச்சர்" என்று மட்டும் சொன்னார். "கண்டதைச் சபையிலயும் சொல்லுங்கோ பாதர்" என்றார் ரீச்சர். அவர் சொன்னதாகத் தெரியவில்லை.

செய்தி எப்படியோ கொழும்புக்குப் போய், சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து இருவர் வந்தார்கள். மண்டபம், வாகனம், நுணுக்குக்காட்டி எல்லாம் தருவதாகச் சொன்னார்கள். ஒரேயொரு நிபந்தனை. செபமும் பாட்டும் வேண்டாம், முகாமின் பெயரிலிருந்து 'கிறிஸ்தவ' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். அவர்களில் ஒருவர் தமிழ் தெரியாதவர் என்பதால் நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன்.

"இவையிட்டச் சொல்லு" என்றார் ரீச்சர். "சபை, செபத்தை வைச்சுக்கொண்டு கடலை விடச் சொல்லுது. இவை, கடலை வைச்சுக்கொண்டு செபத்தை விடச் சொல்லினம். ரெண்டையும் சேத்துத் தந்தவருக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது? இதையும் அப்பிடியே சொல்லு, மென்மையாக்கிச் சொல்லாதே."

நான் மென்மையாக்கவில்லை. அவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

இனி முகாம் இல்லை என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். அஞ்சலா எங்கள் வீட்டு வேலியில் நின்று, "அக்கா, இந்த வருசம் சட்டம் வைக்கமாட்டினமோ?" என்று கேட்டாள்.

ரீச்சரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் றம்லா ரீச்சர்தான், ஒருநாள் எங்களோடு மன்னாருக்கு வரும்போது பஸ்ஸில் வைத்து அந்தக் கதையை எடுத்தார். அவர் கொண்டச்சி என்ற முஸ்லிம் கரையூரைச் சேர்ந்தவர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, பெரியவளான பிறகு ஊர் திரும்பியவர்.

"எங்கட கூடப்பிறந்த நானா அஸாமின்ட கஜு மரத்து வளவு சும்மாதான் கிடக்கு. அங்க வையுங்களன்" என்றார். "என்ட மகள் இன்ஷிராவையும் சேத்துக்கொள்ளுங்க. உங்கட செபத்தை நீங்க செய்யுங்க. பள்ளிவாசல்ல தொழுகைக்கு வாங்கு சொல்லக்குள்ள மட்டும் கொஞ்சம் சத்தம் போடாம இருந்தாச் சரி."

"உங்கட பள்ளியில ஸ்பீக்கரை இடையில நிப்பாட்டமாட்டினம்தானே?"

றம்லா ரீச்சர் சிரித்ததில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னொண்டு. எங்கட ஆக்கள் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போறல்ல. எங்கட கடலுக்கு லீவு அண்டைக்குத்தான். வெள்ளி கடலைப் பாருங்க, ஞாயிறு பூசைக்குப் போங்க. உங்கட தலைவருக்கும் கோவம் வராது."

எனக்கு அது நல்ல வழியாகப் பட்டது. சொன்னேன். நிறஞ்சலா ரீச்சர் பாலம் முடியும் வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வெள்ளிக்கிழமை கட்டாயம் வாறம்" என்றார் பிறகு. "ஆனா ஞாயிறு எங்கட கடலிலதான் நிப்பம். மடம்தான் சபையின்ர. கடலுக்கு அவையிட்டச் சாவி இல்லை. கொண்டச்சிக் கடலைக் கடவுள் படைச்சது, எங்கட கடல் மட்டும் இன்னும் அப்பாவின்ர கந்தோர் எண்டு பிள்ளையள் நினைச்சால், நான் இவ்வளவும் செய்து என்ன பிரயோசனம்?"

அந்தக் கிழமை அமிர்தநாயகம் ஐயா ஆள் அனுப்பியிருந்தார். சபைக்கு ஒரு வரி வருத்தம் எழுதிக் கொடுத்தால் வகுப்பும் மடமும் திரும்பக் கிடைக்குமாம். மறுநாள் பின்னேரம் ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். போனபோது மேசையில் பெரிய வெள்ளை மட்டையும் கறுப்பு மையும் இருந்தன. கொலின்ஸ் அண்ணை வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வருத்தக் கடிதத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய மட்டை என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, ரீச்சர் கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார்.

"டிலக்சனா, உன்ர எழுத்துத்தான் வடிவு. எழுது. கிறிஸ்தவ விஞ்ஞான முகாம். வெள்ளி கொண்டச்சியில, ஞாயிறு எங்கட கடலில, பூசை நேரம். 'கிறிஸ்தவ' எண்டதையும் 'ஞாயிறு' எண்டதையும் ஒரே அளவில போடு, ஒண்டும் சின்னனாக வேண்டாம். கீழ இங்கிலிசிலயும் எழுது, கொழும்பு ஆக்களுக்கும் விளங்கட்டும். எழுதி முடிய நீயே கொண்டுபோய்க் கோயில் கதவில ஒட்டிவிடு பிள்ளை. ஆளில்லாத நேரம் பாத்து ஒட்டாதே. பூசை முடிஞ்சு சனம் வெளியில வரேக்க, எல்லாரும் பாக்க ஒட்டு."